பல்பு எரிஞ்சா கையை எடு

இதை எழுதுகிற என் மேசை மேல மூணு பீங்கான் பியூஸ் கட்டை கிடக்கு. என்னோடது இல்ல. மயிலத்துக்குப் பக்கத்துல மிஷின் வெச்சிருக்கிற ஒருத்தனோடது. நேத்து சாயங்காலம் அவன் மெயின்ல இருந்து நானே புடுங்கிக்கினு வந்துட்டேன். காலையில இருந்து அவன் போன் அடிச்சிக்கினே இருக்கான். நான் எடுக்கல.

ஏன் எடுக்கலன்னு சொல்லணும்னா என் சின்ன வயசுல ஒரு பங்குனி மாசத்துக்குப் போகணும்.

என்னோட ஒத்த வயசுக்காரங்களே, சர்க்கரையும் மூட்டு வலியும் வந்த பிறகு நம்ம ஆளுங்க நிறைய பேர் பழசை எழுத ஆரம்பிச்சிட்டீங்க. ஏரியில குதிச்சது, மாங்கா அடிச்சது, எல்லாம் இனிப்பா இருக்கு. படிக்கிறேன். எனக்கும் ஏரி இருந்தது, மாங்காயும் இருந்தது. ஆனா என் பழசைத் திறந்தா முதல்ல வர்றது கருகின ஸ்விட்ச் பேக்லைட் வாசனைதான்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக. ஆறாவது பாதியில பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்னிக்கு திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் வரைக்கும் எந்த அரிசி மில்லுக்குள்ள, எந்த ஐஸ் பேக்டரிக்குள்ள நுழைஞ்சாலும் சுவரோரமா நிக்கிற சாம்பல் கலர் பேனல் போர்டு, மோட்டாரை ஓட்டற ஸ்விட்ச் பெட்டி, என் பட்டறையில செஞ்சது. சந்தேகம் இருந்தா கதவைத் திறந்து பாருங்க. உள்ள வயர் எல்லாம் தலை வாரி ஜடை போட்ட மாதிரி இருக்கும். அப்படிக் கட்ட இந்த ஜில்லாவுல இன்னொருத்தன் பிறக்கல. இதை நானா சொல்லல, என்கிட்ட சண்டை போட்டுக்கினு போன ஆளுங்களே சொல்வாங்க.

சரி, பங்குனி.

எங்க ஊர் கிளியனூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கு. அப்பா அங்கே முதன்முதலா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் இறக்கினார். புதுசு இல்ல, யாரோ ஓட்டிச் சலிச்சது. மாட்டு வண்டியில அது வந்த அன்னிக்கு ஊரே கூடிச்சு. வீட்டை ஒட்டி தென்னங்கீத்துக் கொட்டாய் போட்டு, ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் மிஷின், நடுவுல பெல்ட். மேல கொட்டினா உள்ள உருளை சுத்தி மல்லாட்டையை நசுக்கும். தோல் ஒரு பக்கம் பறக்கும், பருப்பு சல்லடை வழியா கீழ விழும்.

கொட்டாய் சுவத்துல ரெண்டு இரும்புப் பெட்டி. ஒண்ணு மெயின் ஸ்விட்ச். கதவைத் திறந்தா மூணு வெள்ளைப் பீங்கான் கட்டை பல்லு மாதிரி நிக்கும், ஒவ்வொண்ணுலயும் மெல்லிசா ஒரு கம்பி. கரண்ட் அளவு மீறினா அந்தக் கம்பி உருகி அறுந்துடும், மோட்டார் பிழைக்கும். இன்னொண்ணு ஸ்டார்ட்டர். அதுல பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சையை அமுக்கினா உள்ள 'டக்'னு ஒரு சத்தம், மோட்டார் எடுக்கும். நடுவுல கரண்ட் போச்சுன்னா ஸ்டார்ட்டர் தானா விட்டுடும். திரும்ப கரண்ட் வந்தாலும் மோட்டார் சும்மாத்தான் நிக்கும். ஆள் வந்து பச்சையை மறுபடி அமுக்கணும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கான் செஞ்சவன்.

மூணாவதா ஒரு பல்பு. மிஷினுக்கு நேர் மேல வயர்ல தொங்கும். ராத்திரி வெளிச்சத்துக்கு இல்ல அது. கரண்ட் வந்ததா போனதான்னு பார்க்கிறதுக்கு. அப்போ எங்க பக்கம் கரண்ட் வர்றதும் போறதுமாத்தான் இருக்கும். சரியா காயாத மல்லாட்டையா இருந்தா சல்லடை அடைச்சிக்கும். கரண்ட் போற நேரம்தான் அதைச் சுத்தம் பண்ற நேரம். மிஷினுக்குப் பக்கவாட்டுல ஒரு சின்னத் துவாரம், அதுல கையை விட்டு அடைச்சதை நோண்டி எடுக்கணும். அப்பாவோட கை அதுல முழங்கை வரைக்கும் போகாது. அம்மாவுக்குப் போகும், ஆனா விரல் சல்லடைக் கம்பிக்கு நடுவுல நுழையாது. அக்காவோட கை நுழையும். ஒல்லியான நீளக் கை, வெண்டைக்காய் மாதிரி விரல். அதனால அந்த வேலை அக்காவோடது ஆச்சு.

"பாப்பா, பல்பு எரிஞ்சா கையை எடுத்துடணும்" என்பார் அப்பா.

பல்பு எரியும், அக்கா கையை எடுப்பாள், "எடுத்துட்டேம்பா" என்பாள், அப்பா பச்சையை அமுக்குவார். எங்க வீட்டுல சாமி கும்பிடற முறை மாதிரி அது ஒரு முறை ஆயிடுச்சு. அந்த முறையில தப்பு எதுவும் இல்ல. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, அந்த முறையில தப்பு இல்ல.

அந்த வருஷம் மல்லாட்டை நல்லா விளைஞ்சது. சுத்துப்பட்டு ஆளுங்க எல்லாம் மூட்டையோட எங்க கொட்டாய்க்கு வந்து நின்னாங்க. அப்பா துண்டைத் தலையில கட்டிக்கினு மந்திரி மாதிரி நடந்தார். ஆனா மிஷின்ல பாரம் ஏத்த ஏத்த பியூஸ் போச்சு. போட்டார், போச்சு. மறுபடி போட்டார், மறுபடி போச்சு. ஒவ்வொரு வாட்டியும் 'பட்'னு சத்தம், இரும்புப் பெட்டி இடுக்குல இருந்து நூல் மாதிரி புகை. பியூஸ் கம்பி ஒரு அட்டையில சுத்தி வரும், வெள்ளி மாதிரி பளபளக்கும். அந்தக் காலி அட்டையை நான் சட்டைப் பையில வெச்சிருப்பேன். அதோட வாசனை இன்னும் மூக்குல இருக்கு.

அப்பா வயர்மேனைக் கூப்பிட்டு விட்டார். கரண்ட் ஆபீஸ் ஆள் இல்ல அவர், கிணத்து மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர். வெத்தலைச் சாறு உதட்டுல நிக்க வந்தார். மெல்லிசுக் கம்பியைப் பிடுங்கித் தூர எறிஞ்சார். தன் பையில இருந்து மொத்தமான வயரை எடுத்து, மேல் தோலை உரிச்சி, உள்ள இருந்த இழையை எல்லாம் ஒண்ணா முறுக்கி, மூணு கட்டையிலயும் போட்டு இறுக்கினார்.

"இனிமே ஆயுசுக்கும் போகாது முதலாளி."

"அப்புறம் ஸ்டார்ட்டரும் அப்பப்ப தானா விட்டுடுதுய்யா."

"அது ஓவர்லோடு. கொஞ்சம் பாரம் கூடினா கோவிச்சிக்கும், பொண்டாட்டி மாதிரி." ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டி உள்ள இருந்த சின்னத் திருகை ஒரே திருப்பா கடைசி வரைக்கும் திருப்பினார். "இப்ப கோவிச்சிக்காது."

அப்பா சிரிச்சார். நானும் சிரிச்சேன், எனக்குப் புரியாமலே. அம்மா மட்டும் கேப்பை மாவு சலிச்சிக்கினு இருந்தவ நிமிர்ந்து, "கோவமே வராத பொம்பளைய எங்கயாவது பாத்திருக்காராமா இவரு" என்றாள். அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு விட்டுட்டாங்க.

பியூஸ் போகல. ஸ்டார்ட்டர் விடல. அன்னியில இருந்து மோட்டார் தொட்டா சுடும். வெயில் ஏறினதும் வார்னிஷ் வாசனை வரும். அந்த வாசனை வந்தா லாபம் வருதுன்னு எங்க வீட்டுல அர்த்தம்.

மிச்சம் இருந்தது ஒண்ணுதான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அப்பா ஓடி வந்து பச்சையை அமுக்கணும். ரோட்டுல வண்டிக்காரன்கிட்ட பேசிக்கினு இருப்பார், கரண்ட் வந்துடும். களத்துல மூட்டை பிரிச்சிக்கினு இருப்பார், கரண்ட் வந்துடும். "ஓடி வர்றதுக்குள்ள பாதி கரண்ட் வீணாப் போவுது" என்பார். ஒரு நாள் பல்லு விளக்கின வேப்பங்குச்சியை ஒடிச்சி, பச்சை பட்டனை உள்ள அமுக்கி, பட்டனுக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவுல செருகி வெச்சிட்டார். பட்டன் அமுங்கினபடியே நின்னது. இப்போ கரண்ட் வந்தா ஆளே வேணாம். 'டக்'. மோட்டார் தானா எடுத்துக்கும்.

ஊர் ஆளுங்க வந்து பார்த்தாங்க. "ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டீங்களே" என்றான் ஒருத்தன். அப்பாவுக்குப் பூரிப்பு தாங்கல.

அம்மாவுக்கு அந்தக் குச்சி பிடிக்கல. காரணம் கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. கரண்ட் கம்மியா வர்ற நேரத்துல ஸ்டார்ட்டர் உள்ள இருந்து 'டகடகடகடக'னு ஒரு நடுக்கம் வரும், குளிர் ஜுரக்காரன் பல்லு அடிச்சிக்கிற மாதிரி. அதைக் கேட்டா எழுந்து போய்க் குச்சியைப் பிடுங்கி அடுப்புல போட்டுடுவா.

"ஏண்டி, உனக்கு இன்னா பேஜாரு அதுல?"

"அது நெஞ்சுல கை வெச்சி அமுக்கிக்கினே இருக்கீங்க. பாக்க நல்லால்ல."

"நீ போயி கூழு கிண்டு."

அவ பிடுங்குவா. அவர் வேற குச்சி செருகுவார். அந்த மாசம் முழுக்க எங்க வீட்டுல சண்டைன்னா இதுதான்.

எங்ககிட்ட ஒரு செவலைக் கோழி இருந்தது. பெல்ட்டுக்குக் கீழ மல்லாட்டைத் தோல் குவியல்ல குழி பறிச்சி அங்கேதான் முட்டை விடும். கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம் அது அங்கே போய் உட்கார்ந்திருந்தது. கொட்டாயில யாரும் இல்ல. கரண்ட் வந்துச்சு. நாங்க ஓடிப் போய்ப் பார்க்கும்போது சுவத்துல இறகு ஒட்டியிருந்தது. பெல்ட் எதுவும் நடக்காத மாதிரி சுத்திக்கினு இருந்தது.

அக்கா அதையே பார்த்துக்கினு நின்னா. அப்புறம் தன் கையை முந்தானையில சுத்திக்கினா. ஏன்னு அப்போ எனக்குத் தெரியல, அவளுக்கும் தெரிஞ்சிருக்காது.

அப்பா சொன்னார், "குழம்புக்கு ஆச்சு."

சாப்பிட்டோம். அதையும் சொல்லிடறேன்.

அக்காவைப் பெண் பார்க்க கண்டமங்கலத்துல இருந்து வந்தாங்க. மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில மில் வேலை. மாப்பிள்ளையோட அம்மா அக்காவோட கையைத் தன் மடியில எடுத்து வெச்சிக்கினு கண்ணாடி வளையல் போட்டுவிட்டாங்க. வளையல் சோப்பே இல்லாம வழுக்கிக்கினு போச்சு. "இந்தக் கைக்கு ஏத்த வளையல் எங்க ஊர்க் கடையில கிடையாதும்மா, சின்னப் பிள்ளை அளவுதான் தேடணும்" என்றாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா காதெல்லாம் சிவந்து போச்சு. சித்திரை கழிச்சி வைகாசியில கல்யாணம்னு பேச்சு.

அம்மா பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குப் பால் குடம் எடுக்கறதா வேண்டிக்கினா. பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சதுக்கு. விடிஞ்சதும் மஞ்சள் புடவை கட்டிக்கினு, கூட்டத்தோட கிளம்பினா. போகறதுக்கு முன்னாடி கொட்டாய்க்குள்ள போய் குச்சியைப் பிடுங்கி எறிஞ்சிட்டுத்தான் போனா. நான் பார்த்தேன்.

அன்னிக்கு வானம் காலையிலயே கருத்துப் போச்சு. பங்குனியில அப்படிக் கருக்கக் கூடாது. களத்துல பாதி காய்ஞ்ச மல்லாட்டை குவிஞ்சி கிடந்தது. நனைஞ்சா பூசணம் பிடிச்சிடும். அப்பா வந்து ஸ்டார்ட்டரைப் பார்த்தார், குச்சி இல்ல. "இவளோட" என்று முனகிக்கினே கூரையில இருந்து ஒரு தென்னை ஈர்க்கை ஒடிக்கப் பார்த்தார், அது வளைஞ்சது. அப்புறம் வேலியில இருந்து வேப்பங்குச்சி. எப்பவும் விட மொத்தமானது. முஷ்டியால குத்தி இறுக்கினார். இனி அம்மா வந்தாலும் சுலபமா வராது.

பாதி காய்ஞ்ச மல்லாட்டை சீக்கிரமே சல்லடையை அடைச்சது. மோட்டார் முக்கிக்கினே ஓடுச்சு. அப்போ கரண்ட் போச்சு. பெல்ட் மெதுவா நின்னது. அந்த அமைதியில தூரத்து இடி கேட்டது.

"பாப்பா, ஜல்தி" என்று குரல் கொடுத்துட்டு அப்பா தார்ப்பாய் எடுத்துக்கினு களத்துக்கு ஓடினார்.

அக்கா மணைக்கட்டையில உட்கார்ந்து துவாரத்துல கையை விட்டா. நான் முறத்தை ஏந்திக்கினு எதிர்ல உட்கார்ந்தேன். நசுங்கின மல்லாட்டையை எடுத்து எடுத்து முறத்துல போட்டா. மாப்பிள்ளை அம்மாவோட மூக்குத்தியைப் பத்தி அக்கா ஏதோ சொன்னா, "ரேழியில மாட்டற லாந்தர் மாதிரி இருக்குடா" என்று. நான் சிரிச்சேன். அவ சிரிச்சா. அவ சிரிக்கிற முகத்துல மஞ்சளா வெளிச்சம் விழுந்தது.

பல்பு.

வெளிச்சமும் 'டக்'கும் பெல்ட்டும் அக்காவோட குரலும், எதுக்கு அப்புறம் எதுன்னு பிரிக்க முடியாது. இப்பவும் முடியல.

அப்பா ஓடி வந்தார். நேரா ஸ்டார்ட்டருக்குப் போய் சிவப்பை அமுக்கினார். மோட்டார் நின்னது. கையை எடுத்துட்டு அக்காகிட்ட ஓடத் திரும்பினார். மறுபடி 'டக்'. மோட்டார் எடுத்துச்சு.

அவர் திரும்பி வந்து மறுபடி சிவப்பை அமுக்கினார். இந்த வாட்டி கையை எடுக்கல. எடுத்தா ஓடுது. எடுக்கலன்னா மகள்கிட்ட போக முடியாது. கட்டை விரலை அதுல ஊனிக்கினு, "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்று கூப்பிட்டார். அவர் மூக்குக்கு நேரா, ஒரு சாண் தூரத்துல, அந்தக் குச்சி. அவர் கண்ணுக்கு அது தெரியல. தானே குத்தி இறுக்கின குச்சி.

மூட்டை தூக்கற மாமா ஒருத்தர் ஓடி வந்து, துருப் பிடிச்சிக்கினு இறங்காத மெயின் ஸ்விட்ச் கைப்பிடியை மூட்டைக் கொக்கியால அடிச்சி இறக்கினார். பல்பு அணைஞ்சது. அவர் நேரா அக்காகிட்ட போய்ட்டார்.

அப்போதான் அப்பா குச்சியைப் பார்த்தார். ரெண்டு கையாலயும் பிடுங்கினார். சட்டைப் பையில போட்டுக்கினார். அப்புறம் அக்காகிட்ட போனார்.

முதல்ல குச்சி. அப்புறம் மகள். முறத்தைப் பிடிச்சபடி உட்கார்ந்திருந்த நான் பார்த்த வரிசை அது.

அந்த மெல்லிசுக் கம்பி இருந்திருந்தா, ரெண்டாவது வாட்டி மோட்டார் முக்கினப்பவே அறுந்து போயிருக்கும். அந்தத் திருகு அதன் இடத்துல இருந்திருந்தா ஸ்டார்ட்டர் விட்டிருக்கும். எங்க வீட்டுல கோவிச்சிக்க எதையும் விட்டு வைக்கல.

அக்காவோட வலது கையில கட்டை விரலும் சுண்டு விரலும் தங்கிச்சு. நடுவுல இருந்த மூணும் போச்சு. திண்டிவனத்துலயும் பாண்டிச்சேரியிலயும் மாத்தி மாத்தி ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்மா மஞ்சள் புடவையோடவே உட்கார்ந்திருந்தா. மாத்திக்கச் சொன்னதுக்குக் கூட எழுந்திருக்கல.

பார்க்க வந்தவங்ககிட்ட எல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொன்னார்.

"பல்பைப் பாக்கலங்க. எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன், பல்பு எரிஞ்சா கையை எடுன்னு. கல்யாணக் களை, புத்தி எங்கயோ இருந்திருக்குது."

ஊரும் தலையாட்டிச்சு. சொந்தக்காரங்களும் தலையாட்டினாங்க. மாப்பிள்ளையோட அம்மா வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, காப்பியைக் கையில வெச்சிக்கினே, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாங்க.

"நான்தான் அத்தை பல்பைப் பாக்கல" என்றாள் அக்கா.

காப்பியைக் குடிக்காம வெச்சிட்டுப் போனாங்க. அப்புறம் கண்டமங்கலத்துல இருந்து யாரும் வரல.

அப்பா அன்னிக்குப் போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்க எடுத்தப்போ பையில அந்தக் குச்சி இருந்தது. அவ அதை எடுத்துக்கினு போனா. அப்பா முகம் மழிக்கிற கண்ணாடிச் சட்டத்துல, அவர் கன்னத்துக்கு நேரா வர்ற இடத்துல செருகி வெச்சா. நான் கேட்டேன், எதுக்கும்மான்னு. "இருக்கட்டும்" என்றாள். அப்பா அதை எடுக்கவே இல்ல. தினமும் அதுக்குப் பக்கத்துல தன் முகத்தைப் பார்த்து மழிச்சிக்கினார். அவங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசி நான் கேட்டதில்ல. ஆனா அவர் 'பல்பைப் பாக்கல'ன்னு சொல்றதையும் நிறுத்தல. வருஷக்கணக்கா சொன்னார். அக்காவும் சொன்னாள்.

எனக்கு மீசை முளைச்சப்போ பாண்டிச்சேரியில ஒரு பேனல் போர்டு பட்டறையில வேலைக்குச் சேர்ந்தேன். வேலை பிடிக்கிறதுல என்னை அடிக்க ஆள் இல்ல, அதை விடுங்க. ஒரு நாள் ஸ்டார்ட்டர் ஒண்ணை மேசையில வெச்சி சோதிச்சிக்கினு இருந்தேன். கரண்ட் தெரியறதுக்குப் பக்கத்துல ஒரு பல்பு. பச்சையைக் கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சபடியே இன்னொரு கையால மெயினைப் போட்டேன்.

பல்பும் 'டக்'கும் ஒண்ணா வந்துச்சு.

அணைச்சேன், போட்டேன். மறுபடி ஒண்ணா. பச்சையை விட்டுட்டுப் போட்டேன். பல்பு மட்டும் எரிஞ்சது.

அப்பாவோட முறை குச்சி இல்லாத காலத்து முறை. அப்போ பல்பு முதல்ல வரும், மோட்டார் அப்பாவோட விரலுக்குக் காத்திருக்கும். குச்சி செருகின நாள்ல இருந்து அந்தப் பல்பு எதையும் முன்னாடி சொல்லல. நாங்கதான் அது சொல்லும்னு நம்பிக்கினு இருந்தோம்.

கையில இருந்த திருப்புளியை அப்படியே வெச்சிட்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். கிளியனூர்ல இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வாசல்ல அப்பா கண்ணாடி முன்னால சோப்பு நுரையோட நின்னார். அக்கா கீழ உட்கார்ந்து இடது கையால அரிசி புடைச்சிக்கினு இருந்தா.

"அக்கா, அன்னிக்கு நீ பல்பைப் பாத்தியா?"

"பாக்கலன்னுதானடா எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரையும் விடு. நீ பாத்தியா?"

முறம் நின்னது. "பாத்தேன்டா" என்றாள். "உன் முகத்துல வெளிச்சம் அடிச்சிது, பாத்தேன். பாத்ததும் இழுத்தேன். என் கைதான் லேட்டுன்னு நெனைச்சிக்கினேன்."

"நீ லேட்டு இல்ல. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. குச்சி செருகியிருந்தா பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல இழுக்க நேரமே கிடையாது. எவனும் இழுத்திருக்க முடியாது."

அக்கா என்னைப் பார்க்கல. கண்ணாடியைப் பார்த்தா, அந்தச் சட்டத்துல இருந்த குச்சியை. அவளுக்கு அது வரைக்கும் அது வெறும் குச்சி. அம்மா அடுப்படி வாசல்ல வந்து நின்னா.

அப்பா கண்ணாடியில இருந்து திரும்பல. ஒரு பக்கம் மழிச்சது, இன்னொரு பக்கம் நுரை. துண்டால நுரையைத் துடைச்சிக்கினு பாதி முகத்தோட கொட்டாய்ப் பக்கம் நடந்தார். அதோட மிஷின் பழைய இரும்புக்குப் போச்சு. அக்காகிட்ட அவர் ஒரு வார்த்தை சொன்னாரான்னு கேட்டா, இல்ல. சாகிற வரைக்கும் இல்ல. 'பல்பைப் பாக்கல'ன்னு சொல்றதை மட்டும் நிறுத்தினார்.

அக்கா அப்புறம் கல்யாணம் பண்ணிக்கல. நான் பட்டறை போட்ட நாள்ல இருந்து சாவி அவகிட்டதான்.

இப்போ என் பெருமையைச் சொல்றேன், பொறுத்துக்குங்க. என் பட்டறையில இருந்து போற ஒவ்வொரு பேனல்லயும் நானே யோசிச்சி ஒரு சின்ன ரிலே வெச்சிருக்கேன். பச்சையைக் குச்சி வெச்சி அமுக்கினாலும், அட்டை வெச்சி அமுக்கினாலும், கரண்ட் வந்தா மோட்டார் எடுக்காது. பட்டனை விட்டுட்டு மறுபடி ஆள் அமுக்கணும். யார்கிட்டயும் காசு கூட வாங்கறதில்ல அதுக்கு. 'என் பேனல் இருக்கிற கொட்டாயில எவன் கையும் போகாது'ன்னு கல்யாண வீடு, சாவு வீடு எல்லா இடத்துலயும் சொல்லியிருக்கேன். நீங்களே கேட்டிருப்பீங்க.

நேத்து மயிலம் பக்கம் போன வழியில, என் பேனல் ஓடற அழகைப் பார்க்கலாம்னு அந்த ஆளோட கொட்டாய்க்குள்ள நுழைஞ்சேன். மல்லாட்டை மிஷின்தான். கரண்ட் இல்ல. அவன் எனக்கு நாற்காலி போட்டான். என் பேனலோட கதவு திறந்தே கிடந்தது. உள்ள, நான் ஜடை பின்னின மாதிரி கட்டின வயருக்குக் குறுக்க ஒரு சிவப்பு வயர், ரிலேவைத் தாண்டிப் போட்டிருந்தது. பச்சை பட்டன்ல மடிச்ச சிகரெட் அட்டை.

"இன்னாய்யா இது?"

"உங்க ரிலே பேஜாரு பண்ணுச்சுண்ணே, கரண்ட் வந்தா எடுக்கல. நம்ம பையன் ஒருத்தன் தாண்டி உட்டுட்டான். இப்ப சூப்பரா ஓடுது."

மிஷின் பக்கத்துல அவன் சம்சாரம் உட்கார்ந்திருந்தது. தோள் வரைக்கும் சாய்ஞ்சி, துவாரத்துக்குள்ள கை. இன்னொரு கையில போன், யார்கிட்டயோ சிரிச்சிப் பேசிக்கினு இருந்தது. மேல ஒரு எல்.இ.டி. பல்பு தொங்குச்சு.

"கரண்ட் வந்துட்டா?"

"பல்பு எரியும்ல. எரிஞ்சா கையை எடுத்துடும்ண்ணே. பழகின கை."

நான் எழுந்தேன். வெளிச் சுவத்துல மெயினை இறக்கி, பெட்டியைத் திறந்து மூணு பியூஸையும் புடுங்கி வேட்டி மடியில கட்டிக்கினேன். "அண்ணே, பெருசு, இன்னா பண்றீங்க" என்று அவன் பின்னாடியே ரோடு வரைக்கும் வந்தான். வண்டியை எடுத்துட்டேன். வேற பியூஸ் வாங்கி மாட்டிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கும் தெரியும். திண்டிவனத்துல கடைக்குப் போய் வர்ற நேரம்.

எழுதி இவ்வளவு வந்தப்போ அக்கா உள்ள வந்தா. நேத்து ராத்திரியே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருந்தேன். மேசையில இருந்து ஒரு கட்டையை எடுத்தா. கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல பிடிச்சி, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா.

"இதுலயும் முறுக்கின கம்பிதான்டா" என்றாள்.

போன் மறுபடி அடிச்சது.

"அவனா?"

"அவன்தான். வேணாங்க்கா, திட்டுவான்."

எடுத்துட்டா. அவன் கத்தறது எனக்கு இங்க வரைக்கும் கேட்டது. அவன் கத்தி முடிக்கிற வரைக்கும் அக்கா காத்திருந்தா.

"உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் போன் கை மாறுச்சு. பின்னால எங்கேயோ மோட்டார் ஓடுதா இல்லையான்னு நான் காதைத் தீட்டிக்கினு இருந்தேன். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் வந்தது, "ஹலோ, யாருங்க?"

அக்கா பியூஸ் கட்டையை மெதுவா மேசையில வெச்சா.

"அந்த ஓட்டையில எந்தக் கைய உடற தாயி," என்றாள், "வலதா, இடதா?"